‘ஒபாசிஃபிகேஷன்’ என்பது பார்வை இழப்பு அல்ல

வெண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட அம்மாவின் கிளினிக் கொப்பியில் ‘பின்னுறை ஒபாசிஃபிகேஷன்’ என்ற பொருளில் எழுதியிருப்பதைக் கண்டு, பார்வை போய்விட்டதென்று கலங்கியிருக்கிறீர்கள். அச்சொல்லுக்கு அப்பொருள் இல்லை. ஒளியை ஊடுருவவிட்ட ஒரு பொருளே மங்கி ஒளிபுகாததாக மாறுவதை அது குறிக்கும்: மார்கழி விடியலில் போத்தலில் தெளிவாயிருந்த தேங்காய் எண்ணெய் உறைந்து வெளுத்து, மறுபக்கம் வைத்த விரல் தெரியாமற் போவதைப் போன்றது. நீராவி படிந்த யன்னல் கண்ணாடிக்கு இச்சொல் பொருந்தாது. அங்கே கண்ணாடி மாறவில்லை. ‘ஒபேக்’ (ஒளிபுகாத) என்பது நிலை, ‘ஒபாசிஃபிகேஷன்’ என்பது அந்நிலைக்கு மாறும் மாற்றம்.

சத்திரசிகிச்சையில் பொருத்தும் செயற்கை வில்லையைத் தாங்குவதற்காகக் கண்ணில் விடப்படும் இயற்கை வில்லையுறையின் பின்சுவர், மாதங்களோ ஆண்டுகளோ கழித்து இவ்வாறு மங்கக்கூடும். ‘யாக்’ எனப்படும் லேசர் ஒளிக்கதிரால் அதன் நடுவே சிறு திறப்பு ஏற்படுத்தினால் பெரும்பாலும் பார்வை தெளியும். ஆகையால் அம்மாவைத் தாமதிக்காமல் கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.