அப்பப்பாவின் பெயர்

ஐயா,
எனக்கு மகன் பிறந்திருக்கிறான். சந்தியாப்பிள்ளை என்று அப்பப்பாவின் பெயரையே வைக்க விரும்பினேன். அது யாக்கோபு என்ற பெயரிலிருந்து வந்தது, ‘ஏமாற்றுபவன்’ என்று பொருள் என மனைவி வீட்டார் தடுக்கிறார்கள். எண்சாத்திரமும் பொருந்தவில்லையாம். ஜேம்ஸ் என்று வைக்கலாமா?
ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

அன்புள்ள தம்பி,

பிள்ளைக்கு என் முத்தங்கள். எண்சாத்திரத்தை விட்டுத்தள்ளுங்கள்.

ஜேம்ஸ் என்றீர்களே, அதுதான் என்னைச் சுட்டது. ஜேம்ஸும் யாக்கோபுதான். எந்தப் பொருளுக்கு அஞ்சினீர்களோ அதையே ஆங்கில உடுப்புப் போட்டு வீட்டுக்குள் கூட்டி வருகிறீர்கள். பிறக்கும்போது அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்திருந்ததால் வந்த பெயர் அது என்கிறது விவிலியத்தின் தொடக்கநூல். ‘ஏமாற்றினான்’ என்பது பின்னாளில் ஏசா வயிறெரிந்து சொன்னது. கோபத்தில் அண்ணன் சொன்னதைப் பிடித்துக்கொண்டா பிள்ளையின் பெயரை மாற்றுவீர்கள்?

அந்தப் பெயர் நம்மிடம் வந்த வழியைப் பாருங்கள். இயேசுவின் சீடர் யாக்கோபு, நாம் யாகப்பர் என்பவர்; செபதேயுவின் மகன், வலை இழுத்த மீனவர், பன்னிரு சீடரில் முதலில் வாளுக்கு இரையானவர். புனிதர் என்ற சொல்லையும் அவர் பெயரையும் ஒட்டிப் போர்த்துக்கேயர் சொன்னதே சந்தியாகு. பிள்ளை என்று சேர்த்தவர்கள் நம்மவர்கள். இன்னொரு யாகப்பரிடமிருந்து பிரித்தறிய, ‘பெரியவர்’ என்ற பொருளில் மையோரும் சேர்ந்தது. 1647இலேயே தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் சந்தியோகுமையோர் அம்மானை பாடிவிட்டார். ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் நம் நாக்கில் தேய்ந்த பெயரை ஒரு வாரத்தில் தூக்கியெறியப் பார்க்கிறீர்கள்.

1993. போர்க்காலம். ஆனையிறவுப் பாதை மூடியிருந்தது. கிளாலியில், அந்த யாகப்பரின் கோயில் இருக்கும் கரையில், இரவில் படகேறினோம். எனக்குப் பன்னிரண்டு வயது. விளக்கில்லை. படகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் கட்டி இழுத்தார்கள். தூரத்தில் வெளிச்சம் தெரிந்தபோதெல்லாம் அம்மம்மா என் தலையை மடியில் அமுக்கி, “சந்தியோகுமையோரே” என்றார். பக்கத்தில் திருநீறு பூசிய கிழவர் ஒருவர். அவரும் அதையே சொல்லப் பார்த்தார். சொல் முழுதாக வாயில் வரவில்லை. அம்மம்மா மெதுவாகத் திருத்திக் கொடுத்தார். பிறகு கரை தட்டும்வரை இருவரும் சேர்ந்தே சொன்னார்கள்.

சந்தியாப்பிள்ளை என்றே பதியுங்கள், ஓர் எழுத்தும் குறையாமல். மனைவி வீட்டாருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். யூலை 25 யாகப்பர் திருநாள். பிள்ளையைக் கிளாலிக்குத் தூக்கி வாருங்கள், நானும் வருவேன்.