பழைய பாய்மரப் படகு: விலைக்குப் பின்னால் வரும் செலவு

கேள்வி: லங்காவி மரினா ஒன்றில் 1981-ஆம் ஆண்டு கட்டப்பட்ட தயானா 37 வகைப் பாய்மரப் படகு 95,000 ரிங்கிட்டுக்கு விலைக்கு வந்துள்ளது. சோலார் தகடுகளும் பாட்டரிகளும் புதியவை என்கிறார் உரிமையாளர். பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பிகள் எப்போது மாற்றப்பட்டன என்பது அவருக்கே தெரியவில்லை. என் கையில் மொத்தம் 1,40,000 ரிங்கிட் இருக்கிறது. சீரமைப்புக்கு மீதமுள்ள 45,000 போதுமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: மேல்தளத்தைத் தட்டிப் பார்க்கும்வரை அதற்கு எவராலும் பதில் சொல்ல இயலாது. சோலார் தகடும் பாட்டரியும் ஓரிரு நாள் வேலையில் மாற்றிவிடக் கூடியவை. விற்பவர்கள் முதலில் சொல்வதும் அவற்றைத்தான். பழைய படகில் கெட்டுப்போன பொருளின் விலையைவிட, அந்தப் பொருளைக் கை தொடுவதற்காகப் பிரித்தெடுத்துத் திரும்பப் பூட்ட வேண்டியவற்றின் கூலியே பெரிதாக வந்து நிற்கும் என்பதை மனத்தில் வைத்து இந்தப் படகைப் பாருங்கள்.

ராபர்ட் பெரி வடிவமைத்து, தைவானின் தா யாங் தளத்தில் 1970-களின் நடுப்பகுதியிலிருந்து கட்டப்பட்ட தயானா 37 நீண்ட கடற்பயணத்துக்குப் பெயர்பெற்றது. அந்தப் பெயர் தகுதியானதே. படகு கவிழாமல் காக்கும் அடிப்பாரமான வார்ப்பிரும்பு ஃபைபர் உடலுக்குள்ளேயே பொதிந்திருப்பதால், மற்றப் பழைய படகுகளில் அடிப்பாரத்தை உடலோடு பிணைத்துக் கலக்கம் தரும் போல்ட்டுகளைப் பற்றிய கவலை இதில் இல்லை. எனினும் எப்போதாவது தரைதட்டிய தழும்பு அடியில் தென்பட்டால், அதன் வழியே நீர் புகுந்து உள்ளிருக்கும் இரும்பு துருவேறி உப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உண்மையான கண்டம் மேல்தளத்தில் இருக்கிறது. இவ்வகைப் படகுகள் பலவற்றில் தேக்குப் பலகைகளை நூற்றுக்கணக்கான திருகுகளால் முடுக்கியிருப்பார்கள். நாற்பது ஆண்டு வெயிலில் பலகை தேய்ந்து, திருகுத் தலையை மூடிய மரக்குமிழ்கள் உதிர்ந்தபின், ஒவ்வொரு திருகும் மழைநீர் இறங்கும் ஒரு வழியாகிவிடுகிறது. நீர் இறங்கி, மேலும் கீழுமுள்ள ஃபைபர் அடுக்குகளுக்கு இடையே அடைபட்ட மரத்தை ஊறவைத்து அழுகச் செய்கிறது. பிளாஸ்டிக் தலை கொண்ட சிறு சுத்தியலால் சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ஒலி கூர்மையாகவும், கெட்ட இடத்தில் மந்தமாகவும் கேட்கும். ஓரிரு இடங்கள் மட்டும் மந்தமென்றால் ஒட்டுப்போட்டுச் சமாளிக்கலாம். பாய்மரத்தின் அடியிலும் இருபுற நடைபாதைகளிலும் தொடர்ச்சியாக மந்தமென்றால், பலகைகளைக் கழற்றி, மேல் அடுக்கை அறுத்து, அழுகல் நீக்கிப் புது ஃபைபர் போட வேண்டிவரும். மாதக்கணக்கில் நீளும் அந்த வேலையே உங்கள் 45,000-ஐ முழுவதும் தின்றுவிடும் என்பது என் கணிப்பு. லங்காவியின் வறண்ட மாதங்களான டிசம்பர் முதல் மார்ச் வரைக்குள் முடிக்காவிட்டால், திறந்த தளத்தின்மேல் மழையும் கரையில் நிறுத்தும் வாடகையும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது டீசல் தொட்டி. இவ்வகைப் படகுகள் பலவற்றில் கறுப்பு இரும்புத் தொட்டியை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உள்ள படுக்கைக்கு அடியில் வைத்து, அதைச் சுற்றி மரவேலை செய்து முடித்துவிட்டார்கள். தொட்டி துருப்பிடித்து ஒழுகினால், அதை வெளியே எடுக்க அறையையே கலைக்க வேண்டும். உள்ளமைப்பை வாங்குபவரின் விருப்பப்படி மாற்றித் தருவது தா யாங்கின் வழக்கம் என்பதால், வேறொரு தயானா உரிமையாளரின் கணக்கு உங்களுக்குப் பொருந்தும் என்று நம்பாதீர்கள். படுக்கைப் பலகையைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். டீசல் நெடி மறைக்க முடியாத சாட்சி.

மாற்றிய தேதி தெரியாத கம்பிகளை மாற்ற வேண்டிய கம்பிகளாகவே கணக்கில் எழுதிவிடுங்கள். பத்தாண்டைக் கடந்த கம்பிகளைப் பல காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்பதில்லை. கம்பிகளோடு, அவற்றைப் படகின் உடலோடு பிணைக்கும் எஃகுத் தகடுகளையும் கழற்றிப் பார்க்கச் செய்யுங்கள். வெளியே பளபளக்கும் துருப்பிடிக்காத எஃகு, காற்றுப் படாமல் ஈரம் தேங்கும் இடத்தில் உள்ளூர அரிக்கும். பாய்மரம் சாய்வதற்கு அதில் ஒன்று போதும்.

மேல்தளமும் தொட்டியும் நன்றாக இருந்து கம்பிகள் மட்டும் செலவு என்றால், 45,000-இல் கொஞ்சம் மிச்சமும் இருக்கக்கூடும். தளம் கெட்டிருந்தால் விலையைப் பெருமளவு குறைக்கச் சொல்லுங்கள், இணங்காவிட்டால் விட்டுவிடுங்கள். சீரமைப்பில் போடும் பணம் மறுவிற்பனையில் அப்படியே திரும்பி வருவதில்லை. ஆகவே தளத்தையும் கம்பிகளையும் முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே புதுப்பித்த மற்றொரு படகு 1,25,000-க்குக் கிடைத்தால், அதுவே மலிவான படகு.

கேள்வி: விற்பவரிடமே படகின் நிலையை ஆராய்ந்து எழுதிய ஒரு சர்வே அறிக்கை இருக்கிறது. நானும் தனியே சர்வேயர் வைக்க வேண்டுமா?
– வாசகி, கிள்ளான்

பதில்: கட்டாயம் வைக்க வேண்டும். ஒரு சர்வேயர் தமக்குக் கூலி தந்தவருக்கே பொறுப்பானவர். பழைய அறிக்கையில் பிழை இருந்தாலும் நீங்கள் அவரைக் கேட்க முடியாது. படகைக் கரையேற்றியும் கடலில் ஓட்டியும் பார்க்கும் நிபந்தனையோடு விலை பேசுங்கள். சர்வேயர் எதையும் பிரித்துப் பார்க்கமாட்டார் என்பதால் எஞ்சினுக்கு ஒரு மெக்கானிக்கைத் தனியே அழைப்பது நல்லது. அவர் வரும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். தொட்டால் சுடுகிறது என்றால், எளிதில் கிளம்பாத ஒன்றை யாரோ முன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். நீலப் புகை எண்ணெய் எரிவதையும், நிற்காத கறும்புகை காற்றுக் குறைவையோ மிகைச் சுமையையோ காட்டும். பெர்கின்ஸ் 4-108 போன்ற பழைய எஞ்சினில் சிறு எண்ணெய்க் கசிவைக் கண்டு பயப்பட வேண்டாம். கசியாத ஒன்றைக் கண்டவர்கள் குறைவு. படகின் அடிப்பகுதித் துளைகளில் கடல்நீரைத் திறந்து மூடும் வால்வுகளை மெல்லச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்: உலோகம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதிலிருந்த துத்தநாகம் கரைந்துபோய்விட்டது, அவற்றை மாற்றாமல் கடலில் இறக்கக் கூடாது. படகு 2004 டிசம்பர் 26 அன்று எங்கே இருந்தது என்றும் கேளுங்கள்; லங்காவியின் ரெபாக், தெலாகா மரினாக்களை அன்றைய ஆழிப்பேரலை தாக்கியது.

கேள்வி: வெளிநாட்டுக் கொடியுள்ள படகை லங்காவியில் வாங்கினால் எந்த ஆவணங்கள் தேவை?
– வாசகர், ஈப்போ

பதில்: விற்பனைப் பத்திரம், பழைய நாட்டுப் பதிவு நீக்கப்பட்டதற்கான சான்று, படகின்மேல் கடன் நிலுவை இல்லை என்பதற்கான எழுத்துபூர்வ உறுதி ஆகியவை கைக்கு வராமல் முழுத் தொகையையும் தராதீர்கள். லங்காவி 1987 முதல் தீர்வையற்ற தீவு. அங்கு வாங்கிய படகைத் தீபகற்பத்துக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும் எண்ணமிருந்தால், செலுத்த வேண்டிய வரி எவ்வளவு என்பதைச் சுங்கத்துறையிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெற்று, அதையும் படகின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.