ஏ மேத்ஸ் தாங்குவானா?

தம்பி, திருச்சியில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் 94 வாங்கிய மகன், இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றில் ஏ மேத்ஸ் (கூடுதல் கணக்கு) எடுத்தால் தாங்குவானா என்று கேட்டிருந்தீர்கள். பயம் நியாயம்தான். ஊரில் பிளஸ் ஒன்னில்தான் கால்குலஸ் (நுண்கணிதம்) தலைகாட்டும். இங்கே ஏ மேத்ஸ் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளி முடிவில் வரும் ஓ லெவலிலேயே அதை எழுதியாக வேண்டும் (2027 முதல் அந்தத் தேர்வுக்குப் பெயர் எஸ்இசி). அடிப்படைக் கணக்கான ஈ மேத்ஸில் கால்குலஸ் கிடையாது.

94ஐ மட்டும் நம்பாதீர்கள். என் மகளும் நல்ல மார்க்காரிதான். அடுக்கை முன்னால் கொண்டுவந்து பெருக்கு, அடுக்கில் ஒன்றைக் குறை என்ற கால்குலஸ் விதியை ஒரே மாலையில் பிடித்துக்கொண்டாள். ஆனால் 3 பை ரூட் எக்ஸ் (மேலே 3, கீழே ரூட் எக்ஸ்) வந்ததும் பேனா நின்றுவிட்டது. ரூட்டை அரை அடுக்காக்கி, கீழே இருப்பதை மேலே ஏற்றினால் மைனஸ் அரை. இதில் கால்குலஸ் எங்கே இருக்கிறது? பழைய அடுக்கு விதிதான். நாங்களோ கால்குலஸ் வரவில்லை என்று நினைத்து ஒரு வருடம் டியூஷனுக்குக் கொட்டி அழுதோம்.

அதனால் சாப்பாட்டு மேசையில் ஒரு தாளைக் கொடுத்துப் பாருங்கள். 1 பை (எக்ஸ் பிளஸ் எச்), அதிலிருந்து 1 பை எக்ஸைக் கழிக்கச் சொல்லுங்கள். கீழே இரண்டையும் பெருக்கி, மேலே மைனஸ் எச் என்று கொண்டுவந்தால் கவலையே வேண்டாம். 1 பை எச் என்று எழுதினால் அவன் இன்னும் தயாராகவில்லை. எக்ஸ் பிளஸ் எச்சின் வர்க்கத்தில் நடுவில் வரும் 2 எக்ஸ் எச்சை விழுங்குகிறானா என்றும் பாருங்கள். அப்புறம் ஒரு பஸ்ஸின் தூர-நேர வரைபடம்: கோடு படுத்திருக்கும் இடத்தில் பஸ் என்ன செய்கிறது, வரவரச் செங்குத்தாகும் இடத்தில் என்ன ஆகிறது? வாயால் சொல்லட்டும், எழுத வேண்டாம்.

தடுமாறினாலும் பரவாயில்லை. பள்ளி ஜனவரியில்தான் தொடங்குகிறது. பிராஸ் பசாவில் இருக்கும் பாப்புலர் புத்தகக் கடையில் உயர்நிலை இரண்டுக்கான அசெஸ்மென்ட் (பயிற்சி) புத்தகம் ஒன்று வாங்கி, நவம்பர், டிசம்பர் லீவில் காரணிப்படுத்தல், பின்னம், அடுக்கு மட்டும் போடச் சொல்லுங்கள். கால்குலஸை இப்போதே தொட வேண்டாம். டியூஷன்காரர்கள் அதைத்தான் முதலில் விற்பார்கள்.

பிறகு தொடக்கக் கல்லூரியில் (ஊர் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி) எச் 2 என்ற மேல்நிலைக் கணக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால் ஏ மேத்ஸை விட்டுவிடாதீர்கள். அது தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் அங்கே பாடமே நடக்கும்.

ஊரிலிருந்து அவன் விடைத்தாள் கொண்டுவந்திருந்தால் எடுத்துப் பாருங்கள். அந்த 6 மார்க் எந்த வரியில் போனது?