சூடானதும் ஸ்பார்க் போனால் சிடிஐ மட்டும்தான் காரணமா?

20 நிமிடம் ஓடியதும் வண்டி நின்றுவிடுகிறது, ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது, பிளக்கும் இக்னிஷன் காயிலும் புதுசு, இனி சிடிஐயை (ஸ்பார்க்கைத் தூண்டும் மின்னணுப் பெட்டி) மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

பேட்டரியை நம்பாத ஏசி சிடிஐ என்றால், அந்தப் பெட்டி தானாக மின்சாரம் தயாரிப்பதில்லை. இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் மேக்னெட்டோவில் உள்ள சோர்ஸ் காயில் தரும் நூற்றுக்கணக்கான வோல்ட்தான் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரை நிரப்புகிறது. ஸ்பார்க் விழ வேண்டிய நேரத்தைச் சொல்லும் பல்சர் காயில் சிக்னல் தந்ததும், எஸ்சிஆர் என்ற மின்னணு சுவிட்ச் வழிவிடும். சேர்ந்ததெல்லாம் ஒரே மூச்சில் இக்னிஷன் காயிலுக்குள் பாயும்.

என் சந்தேகம் சோர்ஸ் காயில் மேல்தான். அதன் கம்பி தலைமுடி போல மெல்லியது. எங்காவது விரிசல் இருந்தால் சூட்டில் பிரியும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால் ஆறிய பிறகு மீட்டர் வைத்தால் எல்லாம் சரியாகவே காட்டும். (நானும் இப்படி ஏமாந்து ஒரு நல்ல சிடிஐயைத் தூக்கிப் போட்டவன்தான்.)

வண்டி நின்ற அந்த நிமிடமே ஒயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றி, சோர்ஸ், பல்சர் இரண்டின் ஓம் அளவையும் எடுத்து சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள். அளவே காட்டாவிட்டால் அந்தக் காயில் போச்சு. இரண்டும் சரியாக இருந்தால், இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்சின் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு ஸ்பார்க் பாருங்கள். அது எங்காவது உரசி எர்த் ஆனாலும் இதே கதைதான். அதற்கும் மசியவில்லையென்றால், அப்புறம் சிடிஐயை மாற்றலாம்.