மைக் நன்றாக இருக்கிறது, பேச்சில்தான் உயிரில்லை: பாட்காஸ்ட்டில் எதை மாற்றுவது?

கேள்வி: விருந்தினரை அழைத்துப் பேசும் பாட்காஸ்ட் ஒன்றைத் தமிழில் நடத்துகிறேன். ஆறு எபிசோடு போட்டாயிற்று. ஒலி தெளிவாக இருக்கிறது என்கிறார்கள், ஆனால் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். விருந்தினர் ஒப்பிப்பதுபோலப் பேசுகிறார். நானும் செய்தி வாசிப்பதுபோல இருக்கிறேன். எதை மாற்றுவது?

பதில்:

முதலில் கேள்விகளை மாற்றுங்கள். மைக்கைத் தொட வேண்டாம்.

விருந்தினர் ஒப்பிப்பது அவர் குற்றம் அல்ல. ஒப்பிக்கக்கூடிய கேள்வியைக் கேட்டால் யாரும் ஒப்பிக்கத்தான் செய்வார்கள். "இந்தத் துறைக்கு எப்படி வந்தீங்க?", "நீங்க சந்திச்ச சவால்கள் என்ன?", "இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்பறீங்க?" இந்த மூன்றுக்கும் வீட்டிலிருந்து கிளம்பும்போதே பதில் தயாராக இருக்கும். யோசிக்காமல் சொல்ல முடிகிற பதிலில் குரல் ஏறாது, இறங்காது. கேட்பவர் காதுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவரை அழைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். "உங்க தொழில் அனுபவத்தைச் சொல்லுங்க" என்றால் "சின்ன வயசுலேர்ந்தே எனக்கு ஆர்வம்" என்று தொடங்குவார். அதற்குப் பதிலாக, "ஒரு பழைய கடிகாரத்தோட பின்மூடியைத் திறந்ததும் உங்க கண்ணு முதல்ல எங்க போகும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நொடி தயங்குவார். பிறகு, பல்சக்கரத்தின் அச்சு முனையில் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லலாம். அங்கே விடாதீர்கள். "பிசினாயிட்டா என்ன ஆகும்?" "கடைசியா எப்ப அப்படி ஒண்ணு வந்துச்சு?" "கொண்டுவந்தவர்கிட்ட என்ன சொன்னீங்க?" நாலாவது கேள்வியில் அவர் மைக்கை மறந்திருப்பார். "எப்படி உணர்ந்தீங்க?" என்று நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் எரிச்சல், பெருமை, அலுப்பு எல்லாம் குரலில் வந்திருக்கும். உணர்ச்சியைக் கேட்டால் பொதுப்படையான சொல்தான் கிடைக்கும். பொருளை, இடத்தை, கை செய்த வேலையைக் கேட்டால் உணர்ச்சி தானாகக் கூடவே வரும்.

கேள்விப் பட்டியலை முன்கூட்டியே அனுப்பாதீர்கள். என்னென்ன தலைப்பு என்று மூன்று நான்கு வரி போதும். கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு முதல் இரண்டு கேள்விகளை மட்டும் கொடுங்கள். பதிவுக்கு முன் தொலைபேசியில் 15 நிமிடம் பேசுவது நல்லதுதான், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. அருமையான ஒரு சம்பவத்தை அவர் போனிலேயே முழுதாகச் சொல்லிவிட்டால், பதிவில் வருவது ஆறிப்போன பழைய கதைதான். "அன்னைக்கே சொன்னேனே, அதுமாதிரி..." என்று தொடங்கும், அந்த வரியை வெட்டினாலும் சூடு திரும்பாது. ஆகவே ஒரு கதை தலையெடுக்கும்போதே, "இதை அன்னைக்கு மைக் முன்னாடி சொல்லுங்க, இப்ப வேண்டாம்" என்று நிறுத்திவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தம்மிடம் நல்ல சரக்கு இருக்கிறது என்று அவர்களுக்கும் தெம்பு வரும்.

பதிவு நாளன்று, தொடங்குவதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: "ஏதாவது சொன்னபிறகு அது வேண்டாம்னு தோணினா, இன்னும் இத்தனை நாளுக்குள்ள சொல்லுங்க, எடுத்துடறேன்." எத்தனை நாள் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த ஒரு வாக்குறுதி அவர் உடம்பைத் தளர்த்தும். வெளியிட்ட பிறகு வரும் சண்டையையும் தவிர்க்கும்.

எப்போதும் முதல் பத்து நிமிடம் விறைப்பாகத்தான் இருக்கும். அதனால் உங்கள் முக்கியமான கேள்வியை முதலில் செலவழிக்காதீர்கள். சுலபமான, கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய ஒன்றில் தொடங்குங்கள். எல்லாம் முடிந்தபின், "முதல்ல கேட்டதையே இன்னொரு தடவை கேக்கட்டுமா?" என்று கேளுங்கள். இரண்டாவது முறை பதில் பெரும்பாலும் பாதி நீளத்தில், இரு மடங்கு தெளிவாக வரும். போனில் முன்பே சொல்லிவிட்ட கதை வேறு, இது வேறு. அங்கே முதல் முறையில் செலவாகிப் போனது சம்பவம். இங்கே முதல் முறை வந்தது வெறும் பதற்றம்.

அடுத்து, மௌனம். அவர் ஒரு வாக்கியத்தை முடித்ததும் மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். பதிவு நடக்கும்போது அந்த மூன்று விநாடி ஒரு யுகமாகத் தெரியும். எடிட்டில் அரை விநாடியாக்கிவிடலாம். ஆனால் அந்த இடைவெளியை நிரப்ப அவர் சொல்லும் அடுத்த வாக்கியம் இருக்கிறதே, அதற்குத்தான் இத்தனை பாடும். இணையவழிப் பதிவென்றால் குரல் வந்து சேரத் தாமதம் ஆவதால் இன்னும் ஒரு விநாடி சேர்த்துக் காத்திருங்கள். இல்லையென்றால் இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் "நீங்க சொல்லுங்க" என்று நிற்பீர்கள்.

"ம்ம்", "ஆமாமா", "கரெக்ட்" என்று நடுவில் போடும் பழக்கத்தை விட வேண்டும். நேர்ப்பேச்சில் அது மரியாதை. பதிவில், அவர் சொல்லின் மேல் விழுந்த கறை. ஒரே அறையில் பதிவு செய்தால் உங்கள் "ம்ம்" அவர் மைக்கிலும் ஏறிவிடும், சுத்தமாகப் பிரித்தெடுப்பது கஷ்டம். தலையாட்டுங்கள், கண்ணால் கேளுங்கள்.

ஒலிபற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பேச்சைக் கெடுக்கிற அளவுக்குப் போகும் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். மைக் வாயிலிருந்து 10 முதல் 15 செ.மீ., அதாவது ஒரு சாணுக்குக் குறைவான தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே இருந்தால் ஒவ்வொரு 'ப'வும் காற்றாக மோதும். அதைப் பார்த்துப் பயந்து விருந்தினர் பின்னால் சாய்வார், குரல் கிணற்றுக்குள் போகும், நீங்கள் "கொஞ்சம் கிட்ட வாங்க" என்று நாலு முறை சொல்ல, பேச்சு செத்துவிடும். நாற்காலியை முதலிலேயே சரி செய்யுங்கள். சாய்மானம் குறைந்த, சக்கரம் இல்லாத நாற்காலி உத்தமம். இரண்டாவது, ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு தடம், அதாவது ஒவ்வொருவர் குரலும் தனித்தனிப் பதிவாக இருக்க வேண்டும். இணையவழி என்றால் இருவரும் ஹெட்போன் போட்டுக்கொண்டு, அவரவர் கருவியில் அவரவர் குரலைப் பதிவு செய்து, தொடக்கத்தில் இருவரும் சேர்ந்து ஒருமுறை கைதட்டிவிடுங்கள். பிறகு இரண்டு தடத்தையும் பொருத்த அந்தத் தட்டல்தான் அடையாளம். பதிவு முடியும்போது யாரும் பேசாமல் 30 விநாடி அறையின் வெறும் ஓசையையும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய இடங்களில் அடியில் போட அது வேண்டும்.

இனி உங்கள் பிரச்சினை: செய்தி வாசிப்பதுபோல இருப்பது. தமிழில் இது நமக்கு அதிகம். எழுத உட்கார்ந்தாலே கை எழுத்துத் தமிழுக்குப் போய்விடுகிறது. அறிமுகத்தை இப்படி எழுதியிருப்பீர்கள்: "கடந்த பத்து ஆண்டுகளாகக் கடலடி ஆய்வில் ஈடுபட்டு, பல்வேறு நாடுகளில் பணியாற்றி, பவளப் பாறைகள் குறித்து விரிவாக எழுதியுள்ள ஆய்வாளர் இன்று நம்முடன் இணைந்திருக்கிறார்." தாளில் இதில் ஒரு குறையும் இல்லை. காதுக்கு இது வேதனை. வினையெச்சமாக அடுக்கிக்கொண்டே போகும்போது, இதெல்லாம் யாரைப் பற்றி என்று கேட்பவருக்குக் கடைசி வரை தெரியாது. அத்தனையையும் மனத்தில் தூக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். படிப்பவர் மேலே போய் மறுபடி பார்ப்பார், கேட்பவரால் முடியாது.

அதையே உடையுங்கள்: "இன்னைக்கு நம்மகூட பேசப் போறவங்களுக்கு ஆபீஸ் கடலுக்கு அடியில. பவளப்பாறைதான் அவங்க வேலை. பத்து வருஷமாச்சு." ஆள் முதலில், வேலை அடுத்து, கணக்கு கடைசியில். எழுதியதை அப்படியே வாசிக்காமல், ஒரு பத்திக்கு மூன்று சொல் குறிப்பு மட்டும் வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். அப்போதும் "இருக்கின்றது", "மேற்கொள்ளப்பட்டது" எல்லாம் வந்தால், ஒரு நண்பருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதாக நினைத்து அதே விஷயத்தைப் பேசிப் பதிவு செய்து, அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் ஸ்கிரிப்ட். விருந்தினர் நெடுநாள் நண்பர் என்றால் வாங்க போங்க என்பதா, வா போ என்பதா என்று முன்பே பேசி வையுங்கள். நடுவில் மாறினால் கேட்பவருக்கு இடறும்.

அறிமுகத்தைக் கடைசியில், எடிட் முடிந்த பிறகு பதிவு செய்வதே சரி. அப்போதுதான் இந்த எபிசோடில் எது உண்மையிலேயே நன்றாக வந்தது என்று உங்களுக்குத் தெரியும். பட்டம், பதவி, விருது எதுவும் முதல் நிமிடத்தில் வேண்டாம். அவற்றை எபிசோடு குறிப்பில் எழுதிக்கொள்ளலாம்.

எடிட்டைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது. ஒரு மணி நேரப் பேச்சை 35, 40 நிமிடமாக்குவதில் தவறில்லை. ஆனால் தமிழில் கத்தரி வைக்கும்போது ஒரு ஆபத்து உண்டு: நம் வாக்கியத்தின் உயிர் கடைசியில் இருக்கிறது. மறுப்பும் அங்கேதான், யார் சொன்னது என்பதும் அங்கேதான். "நான் பயந்துபோய்தான் விட்டேன்னு சொல்ல மாட்டேன்" என்கிறார் விருந்தினர். "விட்டேன்" என்பதில் வெட்டினால் வாக்கியம் முழுமையாக, இலக்கணச் சுத்தமாக நிற்கும். பொருள் தலைகீழ். "இதெல்லாம் வேலைக்கே ஆகாதுன்னு அப்ப நெனச்சேன்" என்பதும் அப்படியே. 'ன்னு' போனால் அன்றைய நினைப்பு இன்றைய தீர்ப்பாகிவிடும். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, நேரத்தைக் குறைக்கும் அவசரத்தில் நடக்கும். ஆகவே திரையில் ஒலி வரைபடமாகத் தெரியும் அலைவடிவத்தைப் பார்த்து வெட்டாதீர்கள். வாக்கியத்தை முடிவு வரை கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

அதே காரணத்தால், கடைசி அசை கேட்க வேண்டும். பேசுபவர்கள் வாக்கிய முடிவில் குரலை இறக்குவார்கள். "செய்யல" என்பதற்கும் "செய்யலாம்" என்பதற்கும் வித்தியாசம் அந்த இறங்கிய குரலில்தான் இருக்கிறது. பின்னணி இரைச்சலை மறைக்க நாய்ஸ் கேட் என்ற, மெல்லிய ஒலியை அடைத்துவிடும் கருவியை இறுக்கி வைத்தால் அது முதலில் விழுங்குவது இந்த அசையைத்தான். அமைதியைத் தானாக வெட்டும் கருவியிலும் கவனம்: பக்கம், பட்டம், பத்து என்று வல்லினம் இரட்டிக்கும் இடத்தில் வாய் ஒரு கணம் அடைத்துக்கொள்ளும், அங்கே நிஜமாகவே ஒலி இல்லை. அரை விநாடிக்குக் குறைந்த அமைதியைத் தொடாதே என்று வைத்துவிட்டால் தப்பிக்கலாம்.

"வந்து", "அதாவது", "பாத்தீங்கன்னா" எல்லாவற்றையும் துடைத்தெடுக்க வேண்டாம். பழக்கத்தில் வருவதை எடுங்கள். யோசிக்கும்போது வருவதை விடுங்கள். கஷ்டமான ஒரு கேள்விக்கு முன் "அது வந்து..." என்று இழுப்பது பதிலின் பகுதி. அதை வெட்டினால், அவர் யோசிக்காமல் சொன்னதாக ஆகிவிடும். மூச்சையும் அப்படியே விடுங்கள். ஒட்டிய இடத்தில் இரண்டு மூச்சு அடுத்தடுத்து வந்தால் மட்டும் ஒன்றை எடுங்கள். வெட்டுவதற்கு நல்ல இடம் க, த, ப போன்ற ஒலியில் சொல் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன். 10 மில்லி விநாடி அளவில் இரண்டு பக்கத்தையும் கலந்துவிட்டால் டிக் சத்தம் வராது. மேலேறிய தொனியில் முடியும் துண்டைப் பதிலின் கடைசியில் வைக்காதீர்கள், அது தொங்கிக்கொண்டே நிற்கும்.

ஒலியளவை ஸ்டீரியோவில் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியளவின் அலகு) அருகில், உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் வைத்தால் போதும். அதற்கு மேல் நோண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வெளியிடுவதற்கு முன் ஒரே ஒருவரிடம் கொடுங்கள், பாத்திரம் கழுவிக்கொண்டோ நடந்துகொண்டோ கேட்கச் சொல்லுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "எந்த நிமிஷத்துல வேற யோசனைக்குப் போனீங்க?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று இடம் சொல்வார்கள். அந்த இடங்களை மூலப் பதிவில் திறந்து, 20, 30 விநாடி பின்னால் போய்ப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் உங்கள் குரல்தான் இருக்கும்: விருந்தினர் அப்போதுதான் சொன்னதைத் தொடராமல், தாளில் இருந்த அடுத்த கேள்வியை வாசித்திருப்பீர்கள்.