எல்லாம் கதையாடல் என்றால் நற்செய்தி எது?

கேள்வி: பெங்களூருவில் இலக்கியம் படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்தபோது, “உண்மை என்று தனியாக ஒன்றில்லை, அதிகாரத்தில் இருப்பவர்கள் சொல்வதே உண்மையாகிறது, கிறிஸ்தவமும் அப்படியொரு பெருங்கதையாடல்தான்” என்றாள். திருப்பலிக்கு வருவதை அவள் நிறுத்தவில்லை. ஆனால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பின்நவீனத்துவம் விசுவாசத்துக்குப் பகையா?
– ஒரு வாசகி, எலத்தகிரி, கிருஷ்ணகிரி மாவட்டம்.

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மகள் சொன்னதில் பாதியைத் திருச்சபை நன்றியோடு கேட்டுக்கொள்ள வேண்டும், மறு பாதியை அவளோடு அமர்ந்து பொறுமையாக விவாதிக்க வேண்டும்.

வரலாறு முழுவதையும் ஒரே கதைக்குள் விளக்கிவிட முயலும் பெருங்கதையாடல்கள்மீது நம்பிக்கை இழந்த நிலையே பின்நவீன நிலை என்று பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் 1979இல் எழுதினார். அந்த நூலில் அவர் முதன்மையாகக் குறிவைத்தது விவிலியத்தை அன்று. பகுத்தறிவு மனித குலம் முழுவதையும் விடுவித்துவிடும், அறிவு வளர வளர வரலாறு ஒரே இலக்கை நோக்கி முன்னேறும் என்று அறிவொளிக் காலத்திலிருந்து ஐரோப்பா தனக்குத்தானே சொல்லிவந்த கதைகளையே அவர் ஐயுற்றார். விசுவாசம் மனித குலத்தின் குழந்தைப் பருவம் என்றும், வளர்ந்தவர்களுக்கு அது தேவையில்லை என்றும் தீர்ப்பு வழங்கியவை அதே கதைகள்தாம். அந்த நீதிமன்றத்தின் அதிகாரமே இன்று கேள்விக்குள்ளாகியிருக்கும்போது, அதில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டிருந்த விசுவாசி ஏன் அஞ்ச வேண்டும்?

காஞ்சிபுரத்தில் பணியாற்றி, 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை-இராமநாதபுரம் பேராயரான லெஸ்லி நியூபிகின் இதை ஆழமாகச் சிந்தித்தவர். எதையும் நம்பாமல் வெறும் ஐயத்திலிருந்து தொடங்கும் அறிவு என்று ஒன்று இல்லை, அறிவியலாளரும் தம் மரபை நம்பி அதற்குள் நின்றுதான் ஆராய்கிறார் என்ற, வேதியியலாளராக இருந்து தத்துவவாதியான மைக்கேல் பொலானியின் கருத்தை எடுத்துக்கொண்டு, கிறிஸ்தவரும் தம் மரபுக்குள் நின்று, வெட்கமின்றி, ஆனால் பணிவோடு உலகை நோக்கிப் பேசலாம் என்று அவர் வாதிட்டார். பல சமயத்தார் நடுவே தமிழ் பேசி வாழ்ந்த ஒருவரிடமிருந்து இந்தச் சிந்தனை வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது அதிகாரம். எது உண்மை என்று வகுப்பதில் அதிகாரத்தின் கை இருக்கிறது என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ காட்டியதைத் திருச்சபை மறுக்க முடியாது. ஒரே திருவிருந்தில் பங்குகொள்வோர் இறந்த பின் சாதிவாரியாகத் தனித்தனிக் கல்லறைகளில் அடக்கம் செய்யப்படும் ஊர்கள் தமிழகத்தில் உண்டு. அதற்கும் ‘ஊர் வழக்கம்’ என்ற பெயரில் ஒரு கதை சொல்லப்பட்டு வந்தது. தீண்டாமை கொடிய சமூகப் பாவம் என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் கொள்கை ஆவணத்தில் எழுதியது 2016இல்தான். உங்கள் மகளின் கோபம் இதன்மேல் என்றால், அவள் ஏழைகளுக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டித்த இறைவாக்கினர் ஆமோசின் பக்கம் நிற்கிறாள்.

ஆனால் ‘உண்மையே இல்லை’ என்னும் இடத்தில் நான் அவளோடு உடன்படமாட்டேன். அதற்குக் காரணம் நம் பகுதியிலேயே இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டத்து வாச்சாத்தி மலைவாழ் மக்களுக்கு நேர்ந்ததை அவளும் அறிந்திருப்பாள். சந்தனக்கட்டைத் தேடுதல் என்று வந்த அரசுப் பணியாளர்களால் பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்பதே அதிகாரத்தின் கதையாக இருந்தது. அந்தப் பெண்கள் ஆண்டுக்கணக்காகத் தங்கள் சாட்சியத்தில் உறுதியாக நின்றார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என அறிவித்தது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதிகாரிகளுக்கு ஒரு கதை, பெண்களுக்கு ஒரு கதை, இரண்டும் சமம் என்று எவரேனும் சொல்லியிருந்தால், அது அந்தப் பெண்களை இரண்டாம் முறை வதைப்பதாக இருந்திருக்கும். ‘எங்களுக்கு இது நடந்தது’ என்ற ஒரே சொல்லைத் தவிர எளியவர்கள் கையில் வேறு ஆயுதம் இல்லை. உண்மை என்ற ஒன்றே இல்லை என்று தள்ளிவிட்டால், வலியவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை.

கிறிஸ்தவ நம்பிக்கையும் இந்த வகையைச் சேர்ந்ததே. அது அனைத்தையும் விளக்கிவிடும் கோட்பாடாகத் தொடங்கவில்லை. பேரரசு ஒன்று குற்றவாளியென்று சிலுவையில் அறைந்து கொன்ற மனிதரைக் கடவுள் உயிர்ப்பித்தார் என்று, செல்வாக்கில்லாத சில மீனவர்களும் பெண்களும் சொன்ன சாட்சியமாகத் தொடங்கியது. சாட்சியத்தை எவர்மீதும் திணிக்க முடியாது. திணித்த காலங்களில் திருச்சபை தன் இயல்பையே இழந்தது. ஆனால் சாட்சி சொல்பவர் ‘இது என் கருத்து’ என்று மட்டும் சொல்வதில்லை. ‘இது நடந்தது’ என்கிறார். திணிக்காமல் இருப்பது, நடந்தது என்று உறுதியாகச் சொல்வது ஆகிய இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதுதான் இன்றைய இறையியலின் கடினமான பணி. எனவே மகளிடம் வாதத்தில் வெல்ல முயலாதீர்கள். நீங்கள் எதைக் கண்டு நம்புகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள், அவள் வினவட்டும்.

கேள்வி: கடவுளைச் சொற்களில் அடக்க முடியாது என்று இக்காலச் சிந்தனையாளர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையைச் சொல்வதில் என்ன பொருள்?
– ஒரு வாசகர், தருமபுரி.

பதில்: சொற்களில் அடங்காதவர் கடவுள் என்பது பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதாவுக்குப் பின் வந்த கண்டுபிடிப்பு அன்று. நீ புரிந்துகொண்டுவிட்டாய் என்றால் அது கடவுள் அன்று என்னும் பொருளில் புனித அகுஸ்தீன் மறையுரையாற்றியிருக்கிறார். படைத்தவருக்கும் படைப்புக்கும் இடையே எந்த ஒப்புமையைச் சொன்னாலும் அதைவிட வேற்றுமையே பெரிது என்று 1215இல் திருச்சபையின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கமும் கற்பித்தது.

விசுவாச அறிக்கை கடவுளை வரையறுத்து முடிப்பதற்காக எழுந்ததன்று, அதுவும் நடந்ததைச் சொல்லும் சாட்சியமே. உங்கள் ஊர் அருங்காட்சியகத்தில், இறந்த வீரர்களின் நினைவாக நாட்டிய நடுகற்களைப் பாருங்கள். தருமபுரி, செங்கம் பகுதிகளின் பழைய நடுகற்கள் பலவற்றில், இன்ன மன்னனின் இத்தனையாம் ஆட்சியாண்டில் ஆநிரை (மாட்டு மந்தை) மீட்கப் போய் இன்னவன் பட்டான் (இறந்தான்) என்று வெட்டியிருக்கும். வீரம் என்றால் என்ன என்ற விளக்கம் அவற்றில் இராது. லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரமும் திபேரியு சீசரின் பதினைந்தாம் ஆட்சியாண்டு என்றே தொடங்குகிறது. 381இல் கான்ஸ்தாந்திநோபிள் சங்கத்தில் உருப்பெற்ற விசுவாச அறிக்கையும், காணப்படாத கடவுளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, யூதேயாவை ஆண்ட பொந்தியு பிலாத்து என்னும் உரோமை ஆளுநரின் பெயரைச் சொல்கிறது. அவர் நம் விசுவாசத்தின் பொருள் அல்லர். நாம் யாரை விசுவசிக்கிறோமோ அவர் எந்தக் காலத்தில், யாருடைய ஆட்சியில் பாடுபட்டார் என்று குறிப்பதற்காகவே அந்தப் பெயர் அங்கே நிற்கிறது.