கேள்வி – பதில்: நிலமில்லாமல் வந்த விடுதலை

பிரிந்துபோன தென்மாநிலங்கள் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்று அடிமை முறை ஒழிந்த பின், 1877 வரை நீடித்த மறுசீரமைப்புக் காலத்தைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: 1865-இல் போர் முடிந்த பிறகும், முன்பு அடிமைகளாக இருந்தவர்களில் பெரும்பாலோர் பழைய பண்ணைகளிலேயே தங்கிவிட்டார்கள் என்று படித்தேன். விடுதலையை அவர்கள் விரும்பவில்லையா?

பதில்: பலர் தங்கினார்கள் என்பது உண்மைதான். அதற்குக் காரணம் விருப்பமல்ல, வேறு போக்கிடம் இல்லாமைதான். ஏறத்தாழ 40 லட்சம் பேர் கையில் காசோ, காணி நிலமோ, உழவு மாடோ இல்லாத நிலையில் ஒரே சமயத்தில் விடுதலை பெற்றனர். பண்ணையை விட்டுக் கிளம்பிச் சாலைகளில் நடந்தவர்களைப் பார்த்துச் சோம்பேறிகளாகத் திரிகிறார்கள் என்று வெள்ளைப் பண்ணையார்கள் புலம்பினார்கள். அப்படி நடந்தவர்களில் மிகப் பலர் வேறு மாநிலத்துக்கு விற்கப்பட்ட மனைவியையோ கணவனையோ பிள்ளைகளையோ தேடிக்கொண்டிருந்தனர். உறவினரைத் தேடும் விளம்பரங்கள் கறுப்பின மக்களின் செய்தித்தாள்களில் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு வந்துகொண்டே இருந்தன. அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் அங்கீகரித்ததே இல்லை என்பதால், நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகள் பிள்ளைகளோடு வந்து தங்கள் திருமணத்தைப் பதிவு செய்துகொண்டார்கள்.

அடுத்ததாக அவர்கள் நாடியது கல்வியை. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைத் தென்மாநிலங்கள் பல குற்றமாக்கி வைத்திருந்தன. 1865 மார்ச் மாதம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் உருவாக்கிய ‘ஃப்ரீட்மென்ஸ் பீரோ’ என்னும் நிவாரணத் துறை, தொண்டு அமைப்புகளோடும் கறுப்பின மக்கள் தாங்களே திரட்டிய பணத்தோடும் சேர்ந்து 1870-க்குள் 4,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளை நடத்தியது. தென்பகுதி முழுவதற்கும் அதிகபட்சம் 900 அலுவலர்களே இருந்த ஒரு துறைக்கு இது சிறிய சாதனை அல்ல.

கேள்வி: ‘நாற்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்’ தருவதாக அரசு வாக்களித்தது உண்மையா, கட்டுக்கதையா?

பதில்: அதற்கு ஆதாரம் ஓர் இராணுவ ஆணை. 1865 ஜனவரி 12 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில், வடமாநிலப் படைத் தளபதி ஷெர்மனும் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனும் 20 கறுப்பின மதத் தலைவர்களை அழைத்துப் பேசினார்கள். அவர்கள் சார்பில் பேசியவர் காரிசன் ஃப்ரேசியர் என்னும் 67 வயதுப் போதகர். எட்டு ஆண்டுகளுக்கு முன் தமக்கும் தம் மனைவிக்குமான விடுதலையை 1,000 டாலர் கொடுத்து வாங்கியவர். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பால் உழுது பிழைத்துக்கொள்வோம் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். நான்கே நாட்களில் ஷெர்மனின் 15-ஆம் எண் கள ஆணை வெளிவந்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே ஃப்ளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறு வரையுள்ள கடலோரத் தீவுகளும், கடலிலிருந்து 30 மைல் உள்வரையுள்ள கைவிடப்பட்ட நெல்வயல்களும் ஒதுக்கப்பட்டு, குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை வழங்கப்படும் என்று அது கூறியது. கோவேறு கழுதை ஆணையில் இல்லை; இராணுவத்திடம் மிஞ்சியவற்றை இரவல் தரலாம் என்று ஷெர்மன் பின்னர் அனுமதித்தார்.

ஷெர்மனைக் கறுப்பின மக்களின் தோழர் என்று கருதிவிட வேண்டாம். தம் படையைப் பின்தொடர்ந்து வந்த ஆயிரக்கணக்கான அகதிகளின் பொறுப்பைக் கைகழுவுவதே அவருடைய முதல் நோக்கமாக இருந்தது. எனினும் ஜூன் மாதத்துக்குள் சுமார் 40,000 பேர் அந்த நிலங்களில் குடியேறிவிட்டனர். லிங்கன் கொல்லப்பட்ட பின் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சன், தென்மாநிலங்களின் பக்கம் நின்று, பின்னர் மன்னிப்புப் பெற்ற கிளர்ச்சியாளர்களுக்கு அவர்களுடைய நிலத்தைத் திருப்பித் தருமாறு உத்தரவிட்டார். அந்தச் செய்தியைச் சொல்ல அக்டோபரில் எடிஸ்டோ தீவுக்கு அனுப்பப்பட்டவர், அந்நிலங்களைப் பாதுகாக்க வேண்டிய ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் தலைவர் ஹாவர்டேதான். பண்ணையார்களை மன்னித்து அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுமாறு அவர் கூறியதற்குத் தீவு மக்களின் குழு எழுத்தில் பதில் அளித்தது: என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்து, என் தாயையும் சகோதரியையும் அடித்தவன், அவன் நிலத்தில் வேலை செய்தாலன்றிக் காலியாகக் கிடக்கும் குடிசையில்கூட என்னைத் தங்க விடமாட்டான், அவனை நான் எப்படி மன்னிப்பது என்று அதில் கேட்கப்பட்டிருந்தது. இந்தக் காலத்து ஆவணங்களில் எதைப் படிக்காவிட்டாலும் இந்த மனுவைப் படிக்க வேண்டும் என்பேன். மறுசீரமைப்பின் போக்கை நிர்ணயித்தது பின்னர் வந்த எந்தத் தேர்தலையும்விட அந்த அக்டோபர் முடிவே என்பது என் கருத்து.

கேள்வி: அடிமைத்தனத்துக்காக யாருக்காவது இழப்பீடு வழங்கப்பட்டதா?

பதில்: வழங்கப்பட்டது, உடைமையாளர்களுக்கு. 1862-இல் தலைநகர் வாஷிங்டனில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது, விடுவிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 300 டாலர் வரை என்ற கணக்கில் எசமானர்கள் பணம் பெற்றார்கள்.

கேள்வி: வாக்குரிமை கிடைத்த பின்பும் அம்மக்கள் ஏன் வறுமையிலேயே உழன்றார்கள்?

பதில்: 1865-இன் இறுதியில் மிசிசிப்பியும் தென் கரோலினாவும் ‘கறுப்பினச் சட்டங்களை’ இயற்றின. ஒவ்வொரு ஜனவரியிலும் வேலை இருப்பதற்கான எழுத்துச் சான்று வைத்திருக்க வேண்டும் என்றது மிசிசிப்பி. இல்லாதவர் நாடோடியாகக் கருதப்பட்டு அபராதம் செலுத்த வேண்டும், செலுத்த இயலாவிட்டால் கூலிக்கு ஏலம் விடப்படுவார். இதைக் கண்டு கொதித்த காங்கிரஸ், அதிபரின் மறுப்பையும் மீறிக் குடிமை உரிமைகள் சட்டத்தை நிறைவேற்றியது. குடியுரிமையையும் சட்டத்தின் முன் சமத்துவத்தையும் உறுதிசெய்த அரசமைப்பின் 14-ஆம் திருத்தம் 1868-இலும், வாக்குரிமையில் இனப் பாகுபாட்டைத் தடுத்த 15-ஆம் திருத்தம் 1870-இலும் நடைமுறைக்கு வந்தன. மிசிசிப்பியிலிருந்தே ஹைரம் ரெவல்ஸ் என்னும் கறுப்பினத்தவர் செனட் உறுப்பினராக வாஷிங்டன் சென்றார். அரசியலில் இது புரட்சிதான்.

ஆனால் நிலம் பழையவர்களிடமே இருந்தது. கூலிக்குக் கும்பலாக வேலை செய்வதை மக்கள் ஏற்க மறுத்ததால் வாரச் சாகுபடி பரவியது. விளைச்சலில் பாதி நிலக்காரருக்குச் சென்றது. விதை, உணவு, துணி ஆகிய அனைத்தும் கடையில் கடனாக வந்தன. மீதிப் பாதி அறுவடைக்கு முன்பே கடைக்காரருக்கு ஈடாகிவிட்டது. கணக்குப் புத்தகம் கடன் கொடுத்தவர் கையில்தான் இருந்தது. கடன் கொடுத்தவர் பருத்தியையே பயிரிட வற்புறுத்தியதால், பருத்தி விலை சரிந்த ஆண்டுகளில் கடன் அடுத்த ஆண்டுக்குத் தாவியது. பிழைப்புக்கு ஒருவரைச் சார்ந்திருப்பவன் அவருக்கு எதிராக வாக்களிப்பது எவ்வளவு கடினம் என்பதை விளக்கத் தேவையில்லை. அதையும் துணிந்து செய்தவர்களுக்குக் கு க்ளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறி இரகசிய அமைப்பின் இரவுத் தாக்குதல்கள் காத்திருந்தன.

கேள்வி: மத்திய அரசு பாதியில் கைவிட்டது ஏன்?

பதில்: 1871-இல் அதிபர் கிராண்ட் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை (கைதானவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் உரிமையை) நிறுத்திவைத்துக் கிளான் உறுப்பினர்களைக் கைது செய்தபோது வன்முறை உடனே அடங்கியது. ஆகவே இயலாமை காரணமல்ல. விருப்பம் தீர்ந்துபோனதே காரணம். 1873-இன் பொருளாதார நெருக்கடி வடமாநிலங்களின் கவனத்தைத் திருப்பியது. அதே ஆண்டு லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் கறுப்பின மக்களைக் கொன்ற படுகொலையில் தண்டனை பெற்ற மூவரையும் 1876-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 14-ஆம் திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனிநபர்களை அல்ல என்பது அதன் வாதம். 1877-இல் ஹேஸ் அதிபரானதும் தென்மாநில அரசுகளுக்குக் காவலாக எஞ்சியிருந்த மத்திய அரசின் படைகள் முகாம்களுக்குத் திரும்பின.

கேள்வி: அப்படியானால் எவருக்கும் நிலம் கிடைக்கவில்லையா?

பதில்: கிடைத்தது, பெரும்பாலும் விலைக்கு. தென் கரோலினா மட்டும் 1869-இல் ஒரு நில ஆணையத்தை அமைத்து, நிலத்தை வாங்கித் தவணை முறையில் விற்றது; ஊழல் மலிந்திருந்தபோதிலும் 1876-க்குள் சுமார் 14,000 கறுப்பினக் குடும்பங்கள் அதன் வழியே குடியேறின. மற்ற இடங்களில் மக்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கினார்கள். 1910 வாக்கில் கறுப்பின உழவர்களுக்குச் சொந்தமான நிலம் ஒன்றரைக் கோடி ஏக்கரை எட்டியிருந்தது. போர்க்காலத்தில் எதிரியின் கப்பலையே ஓட்டிச்சென்று தப்பித்த ராபர்ட் ஸ்மால்ஸ், தாம் அடிமையாகப் பிறந்த போஃபோர்ட் நகரத்து எசமானரின் வீட்டை வரிபாக்கி ஏலத்தில் வாங்கினார். பிற்காலத்தில் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தபோதும் அந்த வீட்டில்தான் வாழ்ந்தார்.